கோவையில் ஒன்பது, கோபியில் எட்டு

அந்தக் காலத்து பிரிண்டர் சும்மா எழுதாது. ஊசி ஊசியாய்க் காகிதத்தைக் குத்தும். இடமிருந்து வலம் போகும்போது ஒரு கதறல், வலமிருந்து இடம் திரும்பும்போது இன்னொரு கதறல். காந்திபுரத்தில் ஒரு மாடி அறையில், கீழே டவுன் பஸ்கள் உறும, மேலே இந்தக் குத்தல் சத்தத்தை நாள் முழுக்கக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். தொண்ணூறுகளின் நடுவில், காலேஜ் முடித்த கையோடு கிடைத்த வேலை அது. கம்ப்யூட்டர் ஜாதகம். பிறந்த தேதி, பிறந்த நேரம், பிறந்த ஊர் மூன்றையும் தட்டினால் மெசின் கொஞ்ச நேரம் யோசிக்கும். பிறகு பன்னிரண்டு கட்டம் போட்டு, ஒன்பது கிரகத்தையும் அதனதன் வீட்டில் உட்காரவைத்துக் காகிதத்தைத் துப்பும்.

அந்தப் புரோகிராமை எழுதியது நான்தான்.

வந்தவர்கள் திரையைப் பார்க்கமாட்டார்கள். என் முகத்தைப் பார்ப்பார்கள், டாக்டர் எக்ஸ்ரேயைத் தூக்கிப் பார்க்கும்போது அவர் முகத்தைப் பார்ப்பதுபோல. எனக்கு அது ஆரம்பத்தில் பெருமையாக இருந்தது. பிறகு கூச்சமாக. பிறகு, அக்காவுக்கு வரன் வந்த அந்த ஐப்பசியில், அந்தப் பார்வையைக் கண்டாலே காகிதம் கிழிக்கிற சாக்கில் பிரிண்டர் பக்கம் திரும்பிக்கொள்ள ஆரம்பித்தேன்.

வரன் கோபிச்செட்டிபாளையம் பக்கம். வயல், வாழை, கொஞ்சம் தென்னை. மாப்பிள்ளை ஊருக்குள் மோட்டார் பம்பு கடை வைத்திருந்தார். பெண் பார்க்க வந்தவர்கள் போண்டாவும் காப்பியும் சாப்பிட்டுவிட்டுப் போனார்கள். அதுவரை எந்த வரனைப் பற்றியும் வாய் திறக்காத அக்கா, அவர்கள் தெரு முனை தாண்டுவதற்குள் என்னிடம் வந்து, "கோபிக்குப் போறதுன்னா அன்னூரு சுத்தி சத்தி வழியா போகோணுமா, அவிநாசி வழியா போனா சீக்கிரமா?" என்றாள். பஸ் ரூட் கேட்கிறாள். எனக்குப் புரிந்துவிட்டது. அம்மாவுக்கும் புரிந்துவிட்டது. அம்மா அடுப்படிக்குள் போய்க் கொஞ்ச நேரம் வெளியே வரவில்லை.

அக்காவின் ஜாதகத்தை எங்கள் சென்டரிலேயே போட்டுக் கொடுத்திருந்தேன். சுத்த ஜாதகம். செவ்வாய் ஒன்பதில். யாருக்கும் எந்தக் கேடும் இல்லை.

ஒரு வாரம் போயிருக்கும். சென்டருக்கு போன் வந்தது. மாப்பிள்ளையின் அப்பா.

"ஏனுங் அம்மணி, நல்லாருக்கறீங்ளா? ஊட்டுல அம்மா சௌக்கியமுங்ளா?"

"நல்லாருக்கறமுங்க."

"ஒண்ணுமில்லீங்க. நீங்க குடுத்த காயிதத்துல செவ்வாய் ஒம்பதுல இருக்குதுங்க. இங்க கோபியில உங்க கம்பெனி மெசினேதான், அதுல ஒருக்காப் போட்டுப் பாத்தமுங்க. எட்டுலங்குதுங்க."

மேஜைமேல் கிடந்த தாளில் எட்டு என்று எழுதி வட்டம் போட்டேன்.

"கோவிச்சுக்காதீங்க. சும்மா கேட்டனுங்க. என்னன்னு பாத்துச் சொன்னீங்கன்னா பரவால்லீங்க."

எங்கள் பக்கத்து மரியாதையில் ஒரு ஆபத்து உண்டு. கதவைச் சாத்தும்போதும் அத்தனை மெதுவாய், அத்தனை 'ங்க' போட்டுச் சாத்துவார்கள். சாத்தியாகிவிட்டது என்பது வாசலில் நிற்கிறவருக்கு ரொம்ப நேரம் கழித்துத்தான் தெரியும்.

எட்டாமிடம் என்றால் என்ன என்று அந்த ஊரில் யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. பெண் ஜாதகத்தில் எட்டாமிடம் தாலிக்கான இடம். அங்கே செவ்வாய் உட்கார்ந்தால் கட்டினவன் உயிருக்கு ஆகாது என்பார்கள். அந்த மனிதர் இதைப் புரட்டிப் புரட்டிப் பார்த்ததற்கு வேறு காரணமும் இருந்தது. அவருடைய மூத்த மகன் கல்யாணமாகி முதல் பொங்கல் வருவதற்குள் மோட்டார் பைக்கோடு வாய்க்கால் பாலத்திலிருந்து விழுந்து இறந்துபோயிருந்தான். மூத்த மருமகள் பிறந்த வீட்டுக்குத் திரும்பிப் போய்விட்டாள். இருப்பது இந்த ஒரு மகன்.

எங்கள் வீட்டிலும் ஒரு காரணம் இருந்தது. நாங்கள் சின்னப் பிள்ளைகளாக இருக்கும்போதே அப்பா போய்விட்டார். அம்மாவின் ஜாதகத்தை எல்லோரும் எடுத்துப் பார்த்தது அதற்குப் பிறகுதான். அப்பாவின் பக்கத்துச் சனங்கள் அதில் எதையோ கண்டுபிடித்தார்கள். அதன்பிறகு அம்மா எந்தக் கல்யாண வீட்டிலும் முன்வரிசையில் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை.

அன்றைக்குச் சாயந்திரம் போன் விஷயத்தைச் சொன்னபோது அம்மா அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். முறத்தைக் கீழே வைத்தாள். "எட்டா?" என்றாள். அவ்வளவுதான். மறுபடியும் முறத்தை எடுத்தாள்; ஆனால் புடைக்கவில்லை, வெறுமனே கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

அக்கா என்னைக் கிணற்றடிக்குக் கூட்டிப்போனாள்.

"உன்ற மெசினு பொய் சொல்லுதா, அந்த மெசினு பொய் சொல்லுதா?"

"தெரியல. போய்ப் பாத்தாத்தான் தெரியும்."

"போய்ப் பாரு. எட்டுன்னா எட்டுன்னு வந்து சொல்லு. எனக்காவ நீ ஒண்ணும் மாத்தி எழுதிப்போடாத. அப்பறம் ஆயுசுக்கும் அவிய வெளிய போனா எனக்கு உசுரு கையில இருக்காது."

அவிய. எங்கள் பக்கத்துப் பெண்கள் பேர் சொல்லாமல் கட்டினவரைச் சொல்கிற சொல். அதற்குள் அவர் அவளுக்கு 'அவிய' ஆகியிருந்தார்.

மறுநாள் காலையில் முதலில் எங்கள் மெசினிலேயே போட்டேன். ஒன்பது. அணைத்துவிட்டுத் திரும்ப ஏற்றிப் போட்டேன். ஒன்பது. ஒவ்வொரு முறை கட்டம் விரியும்போதும் நான் கண்ணைப் பாதி மூடிக்கொண்டுதான் பார்த்தேன். எங்கள் முதலாளி முன்பு நூல் வியாபாரம் பார்த்தவர். கம்ப்யூட்டரையும் நூல் கோனைப்போலவே தட்டிப் பார்த்துத்தான் வாங்கியவர். பின்னால் வந்து நின்றார்.

"நம்ம மெசினு சரியாத்தான சொல்லுது? அப்பறமென்ன அம்மணி?"

"அங்கயும் இதே புரோகிராம்தானுங்க ஓடுது."

"அப்ப மாவு ஒண்ணு, கல்லு வேற. தோசை அங்க ஒட்டுதாட்ட இருக்குது. போய்க் கல்லைப் பாரு. என்ற மச்சினன்கிட்டச் சொல்லிப்போடறேன்." கோபி சென்டரை நடத்துகிறவர் அவருடைய மனைவியின் தம்பி.

பிளாப்பிகளை டப்பாவில் போட்டு, டப்பாவைத் துண்டில் சுற்றி, மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் உட்கார்ந்தேன். இஞ்சினுக்குப் பக்கத்தில் இடம் இருந்தும் பின்னால் போனேன். இஞ்சின் சூடும் காந்தமும் பிளாப்பியைக் கெடுத்துவிடும் என்று ஒரு பயம். அன்னூர் தாண்டி, புளியம்பட்டி தாண்டி, இரண்டு பக்கமும் சோளக்காடு ஓடியது. மழை பெய்து விட்டிருந்தது. எனக்கு எதுவும் கண்ணில் தங்கவில்லை. நான் பயந்தது கோபி மெசின் தப்பாயிருக்கும் என்றல்ல. கோபி மெசின் சரியாயிருந்தால்? ஒன்பது என்பதுதான் தப்பாயிருந்தால்? அப்படியானால் காந்திபுரத்து மாடியிலிருந்து நான் இத்தனை காலமும் கிழித்துக் கொடுத்த காகிதங்கள் எல்லாம் என்ன? இரண்டில் ஒன்று கெட்டது என்று தெரிந்து, எது என்று தெரியாதவரைக்கும் இரண்டுமே கெட்டதுதான். ஜன்னல் கம்பியில் நெற்றியைச் சாய்த்துக்கொண்டேன். பவானி பாலத்தின்மேல் பஸ் ஏறியபோது பக்கத்திலிருந்த அம்மாள், "ஏங்கண்ணு, குமட்டுதா?" என்று கேட்டாள். ஆமாம் என்று சொல்லிவைத்தேன்.

கோபி சென்டர் ஒரு உரக்கடைக்கு மேல்மாடியில் இருந்தது. வாசலில் காய்ந்த மாவிலைத் தோரணம். ஆயுத பூஜை முடிந்து கொஞ்ச நாள்தான் ஆகியிருந்தது. மானிட்டரின் நெற்றியில் சந்தனப் பொட்டு, அதன்மேல் குங்குமம். சிபியூவுக்கு ஒரு பொட்டு, பிரிண்டருக்கு ஒன்று, கீபோர்டுக்கு ஒன்று. ஸ்டெபிலைசருக்கு மட்டும் பெரிய பொட்டு. அதுதான் எல்லாரையும் காப்பாற்றுகிறது என்று நினைத்தார்போல. அந்த மச்சினன் நல்ல மனிதர். டீ வரவழைத்தார். செருப்பை மாடிப்படியிலேயே கழற்றச் சொன்னார்.

அக்காவின் தேதியைத் தட்டினேன். நேரத்தைத் தட்டினேன். ஊர், கோயமுத்தூர். மெசின் யோசித்தது.

எட்டு.

என் கையால் எழுதின வரிகள். என் கையால் தட்டின எண்கள். ஆனாலும் எட்டு. நன்றாகத் தெரிந்த ஒருவர் நம் முகத்தைப் பார்த்து நம் பேரை மாற்றிக் கூப்பிட்டால் எப்படி இருக்கும், அப்படி இருந்தது.

"வைரஸ் ஏதும் பூந்திருக்குமோங்க்ணா?"

"அதெப்படி அம்மணி வரும்? ஒரு ஆளக்கூடச் செருப்போட உள்ள வுட்டதில்ல. கலெக்டரே வந்தாலும் படியில கழட்டிட்டுத்தான் வரோணும்."

வைரஸ் இல்லை. பிளாப்பியில் கொண்டுபோன புரோகிராமையும் அங்கிருந்த புரோகிராமையும் ஒப்பிட்டேன். ஒரு எழுத்து வித்தியாசமில்லை. என் ஜாதகத்தைப் போட்டேன், கோவையில் வருவதுபோலவே வந்தது. அம்மாவுடையது, சரியாகவே வந்தது. மூச்சு கொஞ்சம் திரும்பியது. கூடப்படித்த தோழி ஒருத்தியின் ஜாதகம் எனக்கு மனப்பாடம், போட்டேன். லக்னம் மாறி வந்தது. தப்பு அக்காவோடு நிற்கவில்லை. அது ஆளைத் தேர்ந்தெடுக்கவில்லை. சிலரைத் தொடுகிறது, சிலரை விடுகிறது. யாரை, ஏன் என்று தெரியாத தப்பைப்போலப் பயமுறுத்துவது எதுவும் இல்லை.

அந்த நேரத்தில்தான் படியில் செருப்புக் கழற்றும் சத்தம் கேட்டது. மாப்பிள்ளையின் அப்பா. நான் வரப்போவதை மச்சினன் அவருக்குச் சொல்லி அனுப்பியிருக்கிறார். வெள்ளை வேட்டி, தோளில் துண்டு, கையில் ஒரு மஞ்சள் பை. கும்பிட்டுவிட்டு ஓரத்தில் இருந்த இரும்பு நாற்காலியில் உட்கார்ந்தார்.

"நீங்க பாருங் அம்மணி. நான் பாட்டுக்கு உக்காந்திருக்கறேன்."

முதுகுக்குப் பின்னால் அவர் இருக்க, நான் புரோகிராமைத் திறந்தேன். கணக்கு போகப் போக நடுவில் வருகிற எண்களையெல்லாம் திரையில் காட்டும்படி அங்கங்கே வரிகளைச் செருகினேன். அன்றைக்கு நமக்கு இருந்த ஒரே வழி அதுதான்: கணக்கை ஒவ்வொரு படியிலும் நிறுத்தி, இப்போது உன் கையில் என்ன வைத்திருக்கிறாய் என்று கேட்பது. ஓடவிட்டேன். தேதி சரி. நேரம் சரி. சூரியன் சரி. செவ்வாய் சரி, அது அதே ராசியில்தான் இருந்தது, அசையவேயில்லை. மாறியது லக்னம். பிறந்த நிமிஷத்தில் கிழக்கே எழும் ராசி ஊருக்கு ஊர் கொஞ்சம் மாறும். அதைவைத்துத்தான் மற்ற வீடுகளை எண்ண வேண்டும். லக்னம் ஒரு கட்டம் முன்னே போனால் ஒன்பது எட்டாகிவிடும்.

ஊரின் தீர்க்கரேகை திரையில் வந்தது. எழுபத்தேழை ஒட்டி வரவேண்டிய இடத்தில் எண்பது.

எண்பது கோயமுத்தூர் அல்ல. எண்பது மெட்ராஸ்.

ஊர்களும் அவற்றின் ரேகைகளும் அடங்கிய சின்ன பைல் ஒன்று உண்டு. புரோகிராமின் போல்டருக்குள் இல்லாமல், சி டிரைவின் வாசலிலேயே அதை வைத்திருந்தேன். அதைத் தேடினேன். இல்லை. ஊர்ப் பட்டியல் கிடைக்காவிட்டால் என் புரோகிராம் கூச்சல் போடாது. மெட்ராஸ் பஞ்சாங்கத்தை வைத்து முதலில் சோதித்த ரேகையையே எடுத்துக்கொண்டு, ஒன்றும் நடக்காததுபோல மேலே போய்விடும்.

"ஏனுங்க்ணா, சி டிரைவுல இருந்த பைலெல்லாம் எங்க?"

"எந்த பைலுங்?"

"வெளியிலயே ஒண்ணு ரெண்டு இருந்திருக்குமே."

அவர் முகம் மலர்ந்தது. "அதுங்ளா! ஆயுத பூசைக்கு வெளிய தொடச்சுச் சந்தனம் வெச்சா மட்டும் போதுமுங்ளா? மில்லுல மெசின உள்ள வரைக்கும் கழட்டித் தொடைக்கறதில்ல? நானும் உள்ள பூந்து பாத்தேன். வாசல்ல என்னென்னமோ செதறிக் கெடந்துச்சு. பூரா கூட்டித் தள்ளிப்போட்டேன். இப்ப எப்புடி சுத்தமா இருக்குது பாருங்!"

எனக்குச் சிரிப்பு வந்தது. நாள் கணக்கு நினைவுக்கு வந்ததும் அது நின்றுவிட்டது. "பூஜைக்கு அப்பறம் எத்தன பேருக்குங்க ஜாதகம் போட்டுக் குடுத்தீங்க?"

"முகூர்த்த மாசம் வருதல்லங்? நெறையப் போட்டோம்."

"ஆராருன்னு தெரியுமுங்ளா?"

"வந்தவிய பேரெல்லாம் ஆருங் வெச்சிருக்கறா?"

நெறைய. மெட்ராஸில் பிறந்ததாக மெசின் நினைத்துக்கொண்ட கோபிப் பெண்கள், சத்திப் பெண்கள், அந்தியூர்ப் பெண்கள். எந்தெந்த வீட்டில் அந்தக் காகிதத்தை மடித்துச் சாமிப் படத்துக்குப் பின்னால் வைத்திருக்கிறார்களோ. எந்தெந்த வாசலில் மரியாதையாக, 'ங்க' போட்டு, கதவைச் சாத்திக்கொண்டிருக்கிறார்களோ. அந்தப் பயத்தை அப்போது தள்ளிவைத்தேன். ஏனென்றால் முதுகுக்குப் பின்னால் நாற்காலி நகர்ந்தது.

"தெரிஞ்சுபோச்சுங்ளா அம்மணி?"

தெரிந்துவிட்டது என்றேன். விளக்கினேன். பிளாப்பியிலிருந்து ஊர்ப் பட்டியலை ஏற்றினேன். அக்காவின் விவரங்களைத் திரும்பத் தட்டினேன். கட்டம் விரிந்தது. ஒன்பது. எனக்குக் கண் கலங்கிவிட்டது. திரும்பி அவரைப் பார்த்தேன்.

அவர் திரையைப் பார்க்கவில்லை. என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நீங்க வாரதுக்கு முந்தி எட்டு. நீங்க வந்து உக்காந்து என்னமோ தட்டுனீங்க. இப்ப ஒம்பது. நான் ஒண்ணும் சொல்லலீங்க. வேத்தாளு ஆராச்சும் பக்கத்துல இருந்து பாத்தா என்னங் சொல்லுவாங்க?"

எனக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் காது அடைத்தது. பெண்ணின் தங்கச்சி. புரோகிராமை எழுதினவள். "இல்லீங்க, பாருங்க," என்று பட்டியலை அழித்துக் காட்டினேன். எட்டு. திரும்ப ஏற்றிக் காட்டினேன். ஒன்பது. அழித்தால் எட்டு, ஏற்றினால் ஒன்பது. இதைவிடத் தெளிவாக எந்தத் தப்பையும் யாரும் நிரூபித்திருக்க முடியாது.

"அப்ப எது வேணுமோ அது வரும்போல இருக்குதுங்க," என்றார் அவர்.

குரலில் குத்தல் இல்லை. அதுதான் மோசம். பயந்திருந்தார் அந்த மனிதர். மஞ்சள் பையின் வாயை விரலில் சுற்றிச் சுற்றி அவிழ்த்துக்கொண்டிருந்தார்.

கொஞ்ச நேரம் கழித்து, "இன்னொண்ணு போடுங் அம்மணி," என்றார். ஒரு தேதி சொன்னார். நேரம் சொன்னார். ஈரோட்டுப் பக்கம் ஒரு ஊர் சொன்னார். எதையும் பார்த்துச் சொல்லவில்லை, மனப்பாடம். யாருடையது என்று நான் கேட்கவில்லை. மச்சினன் என் பக்கம் குனிந்து உதட்டை மட்டும் அசைத்தார். மூத்த மருமகள்.

பிரிண்டர் குத்தியது. இடமிருந்து வலம், வலமிருந்து இடம். காகிதத்தைக் கிழித்து நீட்டினேன். வாங்கி வெளிச்சத்தில் பிடித்தார்.

"செவ்வாய் எங்கீங்க?"

"பதினொண்ணுலீங்க."

"அதுக்கு தோசமுங்ளா?"

"இல்லீங்க. சுத்த ஜாதகமுங்க."

"எங்க ஜோசியரும் இதையேதான் சொன்னாருங்க. பத்துப் பொருத்தமும் பாத்து, சுத்தம்னு சொல்லித்தான் கட்டி வெச்சோம்." காகிதத்தை மடித்தார். விரித்தார். "எட்டுன்னு வந்திருந்தா, ஏதோ பாக்காம வுட்டுட்டோம்னு இருந்துக்கலாம். இதுல ஒண்ணுமே இல்லீங்களே அம்மணி. ஒண்ணுமே இல்லாம எப்புடிங்க போவான்?"

மச்சினன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். கீழே உரக்கடையில் மூட்டை இறக்கும் சத்தம். எனக்கு ஓடிவிட வேண்டும்போல இருந்தது. அந்தக் கேள்வியை எந்த மெசினில் போடுவது?

அவர் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தார். படியில் செருப்பைத் தேடியபடி திரும்பினார். "அதுசரி, உங்க அக்கா பொறந்த நேரம் ஆருங் பாத்தது?"

"மில்லு சங்குங்க. கடியாரம் இல்லீங்க அப்ப. அம்மா சங்கு கேட்டுச்சுன்னாங்க."

"ஞாயித்துக்கெழமை வாரனுங்க. அம்மாவ ஒரு வார்த்த கேட்டுக்கறேன்."

திரும்பும்போது அவிநாசி வழி பஸ் கிடைத்தது. அதில்தான் எனக்கு உறைத்தது. எங்கள் பகுதியில் மில்லுகள் அடுத்தடுத்து இருந்தன. முதல் மில்லில் ஷிப்டுக்கு ஊதும் காலைச் சங்கு ஓய்ந்து, சற்றுநேரம் கழித்து அடுத்த மில்லின் சங்கு எழும். எல்லாருடைய பிறந்த நேரமும் சங்குதான்; எந்தச் சங்கு என்று நானும் கேட்டதில்லை, யாரும் சொன்னதில்லை. முதல் சங்கின் நேரத்தைத்தான் தட்டியிருந்தேன். அந்த இடைவெளி போதும், லக்னம் நகர்ந்துவிடும். இரண்டாவது சங்கென்றால், மெட்ராஸ் வேண்டாம், கோயமுத்தூரிலேயே எட்டு. மெசினின் தப்பைக் கண்டுபிடித்த சந்தோஷம் அவிநாசி வருவதற்குள் அடியோடு போய்விட்டது.

வீட்டுக்கு வந்ததும் அம்மாவைக் கேட்கவில்லை. கேட்டால் பதில் வந்துவிடும். அக்காவிடம், "மெசினு தப்பு. ஒம்பதுதான்," என்று மட்டும் சொன்னேன். அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "அப்பறமேன் உன்ற மூஞ்சி இப்பிடி இருக்குது?" என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை அவர் வந்தார். மனைவியைக் கூட்டிவரவில்லை, மகனைக் கூட்டிவரவில்லை. ஒரு வாழைத்தாரை மட்டும் தூக்கிவந்து கதவோரம் சாய்த்து வைத்தார். அம்மா தண்ணீர் கொடுத்தாள். குடித்தார்.

"ஒண்ணுமில்லீங்க, பெரிய அம்மணி பொறந்தப்ப சங்கு ஊதுச்சுன்னாங்க. மொத சங்கா, ரெண்டாவதுங்ளா?"

அம்மா ஒரு சொல் சொன்னால் போதும். முதல். அவ்வளவுதான். நான் அம்மாவின் வாயைப் பார்த்தேன். அக்கா கதவுக்குப் பின்னால் நின்றாள். நிலையைப் பிடித்திருந்த அவள் விரல்கள் மட்டும் தெரிந்தன. அம்மா புடவைத் தலைப்பை இழுத்துவிட்டுக்கொண்டாள்.

"ஒரு சங்கு கேட்டுச்சுங்க. அது தெரியும். அப்பறம் கொழந்த அழுவற சத்தம் கேட்டுச்சுங்க. நடுவால இன்னொண்ணு ஊதுச்சா என்னன்னு எனக்கு நெனப்பில்லீங்க. வலியில கண்ணு சொருகிப்போச்சு. நான் பொய் சொல்லமாட்டனுங்க. என்ற சாதகத்தப் பாத்து ஊரு பேசுன பேச்சுக்கு, இன்னொருத்தரு மகன் விசயத்துல நான் பொய் சொல்லமாட்டேன்."

அவர் தலையைக் குனிந்து உள்ளங்கையைப் பார்த்துக்கொண்டிருந்தார். முடிந்தது என்று நினைத்தேன். இப்போது எழுந்து கும்பிட்டு, "போயிட்டுச் சொல்லியனுப்பறமுங்க" என்பார். கதவு மெதுவாகச் சாத்தும்.

அக்கா வெளியே வந்தாள். அந்தக் காலத்தில் அப்படி வரமாட்டார்கள்.

"மாமா, உங்களுக்குப் பயமா இருக்குதுங்ளா?"

அவர் நிமிர்ந்தார். "இருக்குது கண்ணு."

"எனக்கும் இருக்குதுங்க. எட்டுன்னாலும் இருக்கும், ஒம்பதுன்னாலும் இருக்கும்னு தோணுதுங்க."

அவர் தண்ணீர்ச் சொம்பைத் தள்ளிவைத்தார். பிறகு பேசியது ஜாதகத்தைப் பற்றியே அல்ல. "அவனுக்கு மோட்டார் பைக்குன்னா உசுரு கண்ணு. நான் சொன்னாக் கேக்கமாட்டான். அண்ணன் போனப்பறமும் கேக்கல." துண்டை எடுத்து மடித்து மறுபடியும் தோளில் போட்டார். "நீ வந்து அதை வேண்டாம்னு சொல்லோணும். சொல்லுவயா? பஸ்ஸுல போயிட்டு வரட்டும். காட்டுக்கு நடந்து போகட்டும். அது ஒண்ணுதான் நான் கேக்கறது. மித்ததெல்லாம் எனக்கு வேண்டாம்."

தையில் கல்யாணம். அம்மா முன்வரிசையில் உட்கார்ந்தாள். மாப்பிள்ளையின் அப்பாதான் பிடிவாதமாக உட்காரவைத்தார். தாலி கட்டும்போது எல்லோரும் அட்சதை போட்டார்கள். நான் போட்டேனா என்று நினைவில்லை. எனக்கு அந்த இரண்டு சங்குகளுக்கு நடுவிலிருந்த அமைதிதான் காதில் இருந்தது.

அதற்குமுன்பே புரோகிராமை மாற்றிவிட்டேன். ஊர்ப் பட்டியல் இல்லையென்றால் நின்றுவிடும். லக்னம் இரண்டு ராசிக்கும் நடுவில் நின்றால், 'பிறந்த நேரத்தை மறுபடி விசாரிக்கவும்' என்று அச்சடிக்கும். முதலாளி தலையில் அடித்துக்கொண்டார். "காசு குடுத்துக் கேக்கறவனுக்குத் தெரியாதுன்னு சொல்றதுக்கு மெசினு எதுக்கு அம்மணி? அதுக்கு நானே போதுமே!" கோபியில் பூஜைக்குப் பின் வாங்கியவர்கள் திரும்ப வந்து இலவசமாகப் பார்த்துக்கொள்ளலாம் என்று மச்சினன் வாசலில் அட்டை மாட்டினார். சிலர் வந்தார்கள். வராதவர்களைப் பற்றி நினைக்காமலிருக்க நான் கற்றுக்கொள்ளவில்லை. சில மாதங்களில் அந்த வேலையை விட்டுவிட்டேன்.

அக்கா வீட்டுக்காரர், என் மாமா, பைக்கை விற்றார். கடைக்குப் பஸ்ஸில் போனார், பஸ்ஸில் வந்தார். ஊரே கிண்டல் செய்தது: மோட்டார் கடைக்காரருக்கு மோட்டார் ஆகாதாம். சிரித்துக்கொள்வார். அந்தப் பெரியவர் காலமாகிப் பல வருஷம் ஆகிறது. மாமாவுக்கு இப்போது தலை முழுக்க நரை, முழங்காலில் வலி. பஸ் படி ஏறச் சிரமப்படுகிறார். அவர்களுடைய மகன் போன மாசம் ஒரு ஸ்கூட்டர் வாங்கி நிறுத்தியிருக்கிறான்.

அக்கா போன் செய்தாள்.

"இனியும் என்ன, நான் ஓட்டறேங்கறாங்க அவிய. மெதுவா கடை வரைக்கும்தானாம்."

"நீ என்ன சொன்ன?"

"ஒண்ணும் சொல்லல. உன்னையக் கேக்கறேன். நீதான படிச்சவ, நீதான கண்டுபிடிச்ச." குரலைத் தாழ்த்தினாள். "ஒம்பதுதான?"

எனக்கு எல்லாம் தெரியும். ரேகை தெரியும். அழிந்துபோன பைல் தெரியும். செவ்வாய் ஒரு கல், கோடிக்கணக்கான மைலுக்கு அப்பால் யாருடைய முழங்காலையும் அறியாமல் சுற்றுகிறது என்று தெரியும். ஒன்பதுதான், போகச் சொல்லு என்பதற்கு வாயைத் திறந்தேன்.

"பஸ்ஸுலயே போகச் சொல்லு," என்றேன்.